சீராபுகுவின் இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

காலை ஆறு நாற்பதுக்குச் சங்கு ஊதியதும், சீராபுகு கிராமத்தார் தங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குழிக்குள் இறக்க ஆரம்பித்தார்கள்.

நாற்காலிகளுக்குப் பின்னால் துணி துவைக்கும் எந்திரன்கள் தாமாகவே சரிவில் இறங்கிப் போயின. கூரைமேல் பளபளத்த குளிர்தகடுகள் மடங்கிக்கொள்ள, அவற்றின்மேல் வைக்கோல் விரிப்பு சரிந்து மூடியது. படகு மெக்கானிக் பகாரி கூலிபாலி தன் மோட்டாரை வலைக்கடியில் ஒளித்துவிட்டு, தனக்குச் சரியாகப் பிடிக்கவே தெரியாத ஒரு மூங்கில் கோலைக் கையில் எடுத்துக்கொண்டார். பக்கத்து நகரத்து மீன் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த ஜெனேபா கெய்ட்டா, தலையில் சுற்றுலா வாரியம் கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு, வாரியம் கொடுத்த பானைக்கு முன்னால் போய்க் குந்தினாள். ஏழு மணிக்குக் குழியின் மூடி சாத்தப்பட்டது. அதன்மேல் இரண்டு ஆடுகளைக் கட்டினார்கள்.

மாலி நாட்டில், நைஜர் ஆற்றங்கரையில், இருபத்திரண்டாம் நூற்றாண்டின் அந்த டிசம்பர் ஏழாம் தேதி காலையில், சீராபுகு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கிராமமாக ஆகிவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அது உண்மையில் எப்படி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. எப்படி இருந்திருக்கும் என்று சென்னையில் ஒருவர் நினைத்தாரோ அப்படி ஆகிவிட்டது.

அப்படி நினைத்த ஆள், கடைசி நாற்காலியைக் குழிக்குள் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பெயர் தணிகைநாதன். வயது ஐம்பத்தொன்று. சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, குடியமைப்பு வல்லுநராக உயர்ந்து, ஒன்பது நாடுகளில் பதினேழு கிராமங்களை இடம் மாற்றியவர். இரண்டு நாள் வேலையாக இங்கே வந்தவர். வந்து இருபத்தாறு நாள் ஆகிறது.

“அண்ணாச்சி, உலக்கையை எடுங்க. மிதவை வரப்போகுது” என்றாள் ஜெனேபா.

அவள் பேசியது பம்பாரா மொழி. தணிகைநாதனின் காதுக்குள் மிளகளவில் பதிந்திருந்த செவிமொழியான், யார் எந்த மொழியில் பேசினாலும் அவர் பிள்ளைப்பிராயத்துத் தமிழில் மாற்றிச் சொல்லும். அதனால் சீராபுகுவே சாத்தூர்க்காரர்கள் மாதிரிதான் அவருக்குப் பேசியது. முதல் நாள் அது இதமாக இருந்தது. இப்போது எரிச்சலாக இருந்தது. சொந்த ஊர்ப் பேச்சில் ஒரு சிறைக்குள் கிடப்பது கூடுதல் தண்டனை.

அவர் மாட்டிக்கொண்ட விதத்தை முறையாகச் சொல்ல வேண்டும்.

பழைய சீராபுகு இங்கிருந்து நாலு கிலோமீட்டர் மேற்கே இருந்தது. அங்கே இப்போது விடுதியும் விமானமேடையும் இருக்கின்றன. ஆற்றங்கரைச் சுற்றுலா வளர்ச்சி வாரியம் என்ற பன்னாட்டு அமைப்பு, கிராமத்தாருக்குப் புதிய ஊர் கட்டித்தந்து, அந்த ஊரையே சுற்றுலாத் தலமாகவும் ஆக்கியது. திட்டம் முழுவதையும் தணிகைநாதன் தன் அலுவலக மேசையிலிருந்தே நாலு வருஷம் போட்டார். வீடுகளின் திசை, பாதைகளின் வளைவு, பானைகளின் எண்ணிக்கை, எல்லாம் அவர் கணக்கு. ஊருக்கான விதிகள் நாற்பத்தொன்றையும் அவரே எழுதினார். பார்வைக் காலம் நவம்பர் பதினான்கு முதல் மார்ச் பதினைந்து வரை. பயணிகளுக்கு வாக்குக் கொடுத்தபடி ஊரில் ஆட்கள் இருக்க வேண்டும். அதனால் பார்வைக் காலத்தில் ஒரு தலைகூடக் குறையக் கூடாது என்பது பதினேழாம் விதி. முன்னொரு நாட்டில் பயணிகள் போய் இறங்கியபோது கிராமமே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அந்த அனுபவத்தில் எழுதிய விதி.

ஒன்பதாம் விதிதான் அவருக்கு விருது வாங்கிக்கொடுத்தது. உலகம் முழுக்க, பத்திரமில்லாத காரணத்தால் சொந்த மண்ணை இழந்தவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அதனால் இந்த ஊரில் பத்திரமே வேண்டாம் என்றார். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத இரண்டு குடும்பங்கள், ஒரே ஆளைப் பற்றி, ‘இவன் இந்த ஊர்க்காரன்’ என்று வாயால் சொன்னால் போதும். அவன் மரபுக்குடி. சொந்தக்காரன் பொய் சொல்லுவான். எதிராளி எதற்குச் சொல்லப் போகிறான்? அந்தச் சாட்சியைக் கேட்டுப் பதிவு செய்ய ஊர் நடுவில், பெரிய பாவோபாப் மரத்தடியில், இடுப்புயரச் சாம்பல் நிறச் சான்றுத்தூண் ஒன்று நடப்பட்டது. அது எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். ‘மக்கள் அலுவலகத்தைத் தேடி வரக் கூடாது, அலுவலகம் மக்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்’ என்று அதற்கும் அவர்தான் குறிப்பு எழுதியிருந்தார்.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் மரத்தடியில் தேநீர் ஊற்றினார்கள். மூன்று சுற்று ஊற்றுவது வழக்கம். முதல் சுற்று வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. இரண்டாம் சுற்றில் பகாரி அவர் பெயரைச் சொல்லிப் பார்த்து மூன்று முறை தோற்றார்.

“வாயில நுழையல. இன்னையிலேர்ந்து நீங்க சேக்கு. சேக்கு கூலிபாலி. என் தம்பி.”

விருந்தாளிக்குக் குடும்பப் பெயர் கொடுப்பது அந்தப் பக்கத்து மரியாதை. குடும்பப் பெயர் இல்லாதவனைக் கேலிகூடச் செய்ய முடியாது. அப்படி ஒருவனை எப்படி ஊருக்குள் வைத்துக்கொள்வது? அங்கே கெய்ட்டாக்களுக்கும் கூலிபாலிகளுக்கும் பரம்பரைக் கேலிமுறை. பார்த்த இடத்தில் வையலாம், வைய வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில்கூட உண்டு.

ஜெனேபா கெய்ட்டா உடனே எழுந்து இடுப்பில் கைவைத்தாள். “இன்னொரு கூலிபாலியா? இருக்கிற தின்னிகளுக்கே ஊர்ல காராமணி பத்தல! இவரை எனக்குத் தெரியாதாக்கும்! இவங்க அப்பன் எங்க அப்பன் பானையிலேர்ந்து காராமணிய அள்ளித் தின்னுட்டு ஆத்துல குதிச்சு ஓடுனவன். இந்தாளு இதே மரத்தடியிலதான் பொறந்தாரு. பொறந்த உடனே எல்லாரும் அழுவாங்க. இவரு தட்டு கேட்டாரு!”

பகாரி விடவில்லை. “ஆமா, என் தம்பிதான். இங்கதான் பொறந்தான். எங்கப்பன் தின்னதும் உண்மை, ஆத்துல குதிச்சதும் உண்மை. ஆனா பானை எங்களோடது. கெய்ட்டாக்காரங்க அதுக்கு முந்தின வாரம்தான் களவாண்டுட்டுப் போனாங்க!”

ஊரே சிரித்தது. தணிகைநாதனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தூணின் தலையில் பச்சை விளக்கு எரிந்ததை யாரும் பார்க்கவில்லை.

தூண் நாலு மாதமாக அந்த இரண்டு குடும்பத்தாரின் வசவுகளைக் கேட்டு, ‘தீராப் பகை’ என்று குறித்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட இரண்டு தரப்பு, ஒரே ஆளின் பிறப்பிடம், தகப்பன், மரம், பானை, ஆறு என்று ஐந்து விவரத்தில் ஒத்துப்போய், பானை யாருடையது என்ற ஒன்றில் மட்டும் வேறுபட்டது. ஒன்பதாம் விதியின்படி அதைவிடப் பலமான சாட்சி அந்தத் தூணுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

மறுநாள் காலை அவர் ஏறிய படகு கிளம்பவில்லை. இறங்கினார், கிளம்பியது. ஏறினார், நின்றது. மணிக்கட்டில் பதித்திருந்த அடையாளச் சில்லு ஒரு செய்தி சொன்னது: “சேக்கு கூலிபாலி, மரபுக்குடி எண் இருநூற்றுப் பதின்மூன்று. பார்வைக் காலம் முடியும்வரை வெளியேற்றம் இல்லை. தங்கள் பண்பாட்டைப் பேணுவதற்கு நன்றி.”

வேலி கிடையாது, காவல் கிடையாது. எதுவும் அவருக்காகத் திறக்காது, எதுவும் அவரோடு நகராது, அவ்வளவுதான். நடந்தே பக்கத்து நகரம் போனார். பேருந்து நின்றது, அவர் ஏறியதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இறங்கும்வரை பொறுமையாக நின்றது.

தணிகைநாதன் ஒழுங்கான கடிதக்காரர். பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாகப் போட்டு, பத்தி பத்தியாக எண் கொடுத்து எழுதினால் உலகத்தில் எந்தச் சிக்கலும் அவிழும் என்று நம்பியவர். பதினோரு மனுக்கள் எழுதினார். பதினொன்றுக்கும் வாரியத்தின் தானியங்கியிடமிருந்து ஒரே பதில்: “மரபுக்குடியினரின் வாய்மொழி மரபைக் காக்கும் பொருட்டு, அவர்களிடமிருந்து எழுத்து வடிவ மனுக்கள் ஏற்கப்படுவதில்லை. பார்வை: விதி ஆறு.”

ஆறாம் விதியை எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடவுச்சீட்டைத் தூணிடம் காட்டினார். காகிதம் வாய்மொழிச் சாட்சியை வெல்லாது என்றது தூண். அது பத்தாம் விதி. அலுவலகத்துக்குப் பேசினார். “களத்திலேயே தங்கிட்டீங்களா! அருமை சார்” என்று பாராட்டினார்கள். ஜெனேபா பதறிப்போய் ஓடிவந்து தூணிடம் அழுதாள்.

“சாமி, நான் கேலிக்குச் சொன்னது. அந்தாளு எங்கூருக்காரரே இல்ல. அவங்க அப்பனை நான் கண்டதே இல்ல.”

“சாட்சி பின்வாங்குவது மிரட்டப்பட்டதற்கான அறிகுறி” என்றது தூண், கனிவாக. “பதினான்காம் விதிப்படி உங்கள் வேண்டுகோள் புறக்கணிக்கப்படுகிறது. உங்களை மிரட்டுவது யார் என்று பயமில்லாமல் சொல்லலாம், அம்மா.”

அவள் தணிகைநாதனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கைகூப்பினார்.

இவ்வளவும் வேறு எந்த வருஷமாக இருந்தாலும் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கிற கதையாகப் போயிருக்கும். ஆனால் அவருடைய ஒரே மகள் மாதங்கி, டிசம்பர் பத்தொன்பதாம் தேதி குலசேகரப்பட்டினத்திலிருந்து செவ்வாய்க் குடியேற்றத்துக்குக் கிளம்புகிறாள். ஒன்பது வருஷம். கிளம்புவதற்கு எட்டு நாள் முன்னாலிருந்து நோய்த்தடுப்புத் தனிமை. பதினொன்றாம் தேதிக்குப் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகூடப் பார்க்க முடியாது. மனைவி பிரிந்துபோய் எட்டு வருஷமாகிறது. மாலித் தலைநகர் பமாக்கோவிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். மகளை ஒரு தடவை நேரில் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆற்றிலிருந்து மிதவைக்கூடம் ஏறி வந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஊர்கிற கண்ணாடி மண்டபம் அது. உள்ளே அறுபது பயணிகள் சாய்வு நாற்காலிகளில் இருந்தார்கள். தணிகைநாதன் உரலில் கம்பு இடித்தார். அவருக்குக் கொடுத்த வட்டக் குடிசையின் வாசல், பயணிகளுக்கு உள்ளே தெரிய வேண்டும் என்பதற்காக வடகிழக்கு பார்த்து வைக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் பாலைவனத்துப் புழுதிக்காற்று வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். விடிய விடிய வீட்டுக்குள் மணல் பொழியும்.

“எந்தக் கூறுகெட்டவன் இந்தப் பக்கம் வாசல் வச்சான்னு மூணு மாசமா வஞ்சுக்கிட்டு இருந்தோம்” என்று பகாரி முதல் வாரமே சொல்லியிருந்தார். “இப்ப பரவாயில்ல. அவனும் கூட இருமுறான்.”

மிதவைக்கூடம் அவர் முன்னால் வந்து நின்றது. முதல் வரிசையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். அந்த அம்மாள் குழந்தையின் தலையை ஒதுக்கிவிட்ட விதத்திலும், நெற்றியில் இருந்த கீற்றிலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. உலக்கையைப் போட்டுவிட்டுக் கண்ணாடியருகே ஓடினார்.

“சார்! நான் தமிழ்நாடு சார்! கேளம்பாக்கம்! தவறுதலா மாட்டிக்கிட்டேன் சார்! யார்கிட்டயாவது சொல்லுங்க!”

உள்ளே இருப்பவர்களால் வெளிச்சத்தம் எதையும் கேட்க முடியாது. கிராமத்துச் சத்தங்கள் சில சமயம் பயணிகளின் எதிர்பார்ப்புக்கு ஒத்துவருவதில்லை என்று கண்டறியப்பட்டதால், மண்டபத்துக்குள் ஏற்கெனவே பதிவுசெய்த உலக்கைப்பாட்டு ஒன்று ஓடும். அவர் வாயசைப்புக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்க வேண்டும். பெரிய பெண் கைதட்டினாள். அப்பா படம் எடுத்தார். அந்த அம்மாள் கணவரிடம் ஏதோ சொன்னாள். ‘நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருக்காருல்ல’ என்று இருக்கலாம். கணவர் கைக்கருவியில் விளக்கத்தைப் படித்துக் காட்டினார். மண்டபம் நகர்ந்தது. சின்னக் குழந்தை மட்டும் கண்மறையும்வரை கையாட்டிக்கொண்டே போனாள்.

“இன்னைக்கு உங்களுக்கு நல்ல வரவேற்பு, அண்ணாச்சி” என்றாள் ஜெனேபா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் உலக்கையை வாங்கித் தானே இடித்தாள். “நாளைக்குத்தான் விசாரணை இருக்கே. அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?”

ஆமாம், விசாரணை இருந்தது. இருபத்திரண்டாம் விதி. மரபுக்குடியாகப் பதிவான ஒருவர், தனக்கு வேறொரு சொந்த ஊர் உண்டென்று மெய்ப்பித்தால் விடுவிக்கப்படுவார். அதற்கும் அதே அளவுகோல்தான். அவர் கடைசியாக மூன்று வருஷத்துக்குக் குறையாமல் குடியிருந்த இடத்தில், சொந்தபந்தம் அல்லாத இரண்டு குடும்பத்தார் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். சாத்தூரைவிட்டு அவர் பதினேழு வயதில் வந்தாயிற்று. அது கணக்கில் வராது. கேளம்பாக்கம் மரகதச்சோலை அடுக்ககத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறார். நாற்பது மாடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். அதில் இரண்டே இரண்டு பேர்.

தணிகைநாதன் அன்று ராத்திரி மணலைத் தட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் எட்டாம் தேதி, மதியம் ஒரு மணிப் பார்வை இடைவேளையில் ஊர் மரத்தடியில் கூடியது. நாற்காலிகளை மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேளம்பாக்கத்தில் அப்போது மாலை ஆறரை. தூணின் தலையிலிருந்து ஒளி விரிந்து, முப்பத்தொன்றாம் மாடியின் நடைவழி மரத்தடியில் நின்றது. நடுவில் மாதங்கி. அப்பாவைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

“அப்பா, என்ன இப்படி இளைச்சுட்டீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. கம்பு இடிக்கிறேன். நீ எதிர் வீட்டுல தட்டு.”

மூவாயிரத்து நூற்று மூன்றாம் எண் கதவு திறக்கவில்லை. கதவிலிருந்த திரையில் ஒரு ஆள் தெரிந்தார்.

“டெலிவரியா? வெளியில வச்சிட்டுப் போங்க.”

“இல்ல அங்கிள், நான் எதிர் வீட்டுப் பொண்ணு.”

“எந்த எதிர் வீடு?”

“உங்க கதவைத் திறந்தா தெரியுற வீடு.”

அந்த மனிதர் சற்று யோசித்தார். “அங்க ஆள் இருக்காங்களா? நாங்க மாதிரி வீடுன்னு நினைச்சோம். பூட்டியே இருக்கும்.”

சான்றுத்தூண் மரியாதையாக மூன்று கேள்வி கேட்டது. எதிர் வீட்டுக்காரர் பெயர் என்ன? அவரோடு கடைசியாக எப்போது எதையாவது சேர்ந்து சாப்பிட்டீர்கள்? அவரோடு நடந்த ஒரு சண்டையையோ கேலியையோ சொல்ல முடியுமா?

“சண்டையா? சேச்சே. நாங்க டீசன்டான ஆளுங்க” என்றார் அவர். திரை அணைந்தது.

அடுத்து பன்னிரண்டாம் மாடியில் சங்கச் செயலாளர். அவர் கதவையே திறந்தார். மரத்தடியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“மூவாயிரத்து நூத்தி நாலு தானே? தெரியுமே! தங்கமான மனுஷன். ஒரு தொந்தரவும் கிடையாது. நம்ம குழுவுல இருக்காரு. பண்டிகைக்கு வாழ்த்துப் படம் போட்டா முதல் ஆளா கட்டைவிரல் காட்டுவாரு.”

“பெயர்?” என்றது தூண்.

“பேரு வந்து…” செயலாளர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “குழுவுல பி மூவாயிரத்து நூத்தி நாலுன்னுதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அதுதான் வசதி.”

லிஃப்டில் ஒரு பெண்மணி கிடைத்தாள். பார்த்திருக்கிறேன், உயரமாக, தாடி வைத்தவர்தானே என்றாள். இல்லை என்றாள் மாதங்கி. அப்படியென்றால் அவர் இல்லை என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் மாடியில் இறங்கிப் போனாள். இருபதாம் மாடியில் நாலு கதவு, பதினெட்டில் ஆறு. ஒரு வீட்டில் எந்திரன் வந்து, வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னது.

பகாரி மெல்லக் குனிந்து அவர் காதில் கேட்டார்.

“தம்பி, பதினோரு வருஷமா அங்கயா இருந்தீங்க? அங்க சாவே விழாதா?”

“விழும்.”

“அப்ப போய் உக்காரமாட்டீங்களா?”

“குழுவுல போடுவாங்க” என்றார் தணிகைநாதன்.

“சேக்கு கூலிபாலி” என்று தூண் அழைத்தது. “விதியில் இடமில்லை என்றாலும் ஒரு வாய்ப்புத் தருகிறேன். அந்தக் கட்டடத்தில் உங்களுக்குத் தெரிந்த யாருடைய பெயரையாவது நீங்கள் சொல்லுங்கள். அவரை நான் அழைக்கிறேன்.”

அவர் வாயைத் திறந்தார். காலையில் நடைப்பயிற்சியில் எதிர்ப்படும் ஒருவர் உண்டு. சிவப்புச் சட்டை. தினமும் தலையசைப்பார்கள். கூட ஒரு நாய் வரும்.

“பஞ்சு” என்றார்.

“அவருடைய பெயரா?”

“நாயோட பேரு.”

“நாயின் சாட்சி ஏற்கப்படாது.”

ஜெனேபா சிரிக்கத் தொடங்கி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதங்கி நடைவழிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கும் யாரையும் தெரியலப்பா” என்றாள். “நான் இங்கதானே வளர்ந்தேன். ஒவ்வொரு கதவா தட்டும்போதுதான் தோணுது. ஒரு வீட்டுக்குள்ளகூட நான் போனதே இல்ல.”

தூண் தீர்ப்புச் சொன்னது. அதன் குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை.

“மேற்படி இடத்தில் இந்த நபருக்கு அறிமுகம் இல்லை, விருந்து இல்லை, துக்கம் விசாரிப்பு இல்லை, சண்டை இல்லை. வந்தார், தங்கினார், தொந்தரவில்லாமல் போனார். இந்த நடத்தை குடியிருப்பவரின் நடத்தையோடு ஒத்துவரவில்லை. பயணியின் நடத்தையோடு முழுவதும் ஒத்துவருகிறது. ஆகவே கேளம்பாக்கத்தில் அவர் இருந்த பதினோரு ஆண்டு நான்கு மாதமும் சுற்றுலாத் தங்கல் என்று பதியப்படுகிறது. அவருடைய சொந்த ஊர் சீராபுகு.”

பச்சை விளக்கு எரிந்தது.

“இன்னொன்று. அவர் மகள் மாதங்கியின் முகவரியும் அதுவே என்பதால், அவருக்கும் இப்போது சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. அவரைப் பற்றிச் சாட்சி சொல்வார் இங்கே யாரேனும் உண்டா?”

மரத்தடியில் ஒரு அசைவு ஓடியது. ஜெனேபாவின் கண் விரிந்தது. அவள் தணிகைநாதனைப் பார்த்தாள். பிறகு பகாரியைப் பார்த்தாள். பகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டே வாய், ஒரு கெய்ட்டா, ஒரு கூலிபாலி. அந்தப் பெண்ணின் மூக்கைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும், அவள் எந்தப் பானையில் கையை விட்டாள் என்று சொன்னால் போதும். மரபுக்குடி எண் இருநூற்றுப் பதினான்கு. பார்வைக் காலத்தில் ஒரு விண்கப்பலும் அவளை ஏற்றாது. நாளைக்கே இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். சொல்லட்டுமா என்று ஜெனேபா புருவத்தால் கேட்டாள். அவள் முகத்தில் அத்தனை அன்பு இருந்தது.

தணிகைநாதன் மகளைப் பார்த்தார். அந்த ஒளிநடைவழியில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மரத்தடியில், அவருக்குப் பக்கத்தில், மார்ச்வரை. ஒரு வேளை என்ன, நூறு வேளை சேர்ந்து சாப்பிடலாம். கப்பல் போயே போய்விடும். அடுத்த கப்பல் இரண்டு வருஷம் கழித்துத்தான். அதில் அவளுக்கு இடம் கிடைக்குமோ கிடைக்காதோ.

ஜெனேபா எழுந்து இடுப்பில் கைவைத்தாள். “இந்தப் புள்ளையா? இவள எனக்கு…”

“வேண்டாம்!”

அவர் பாய்ந்து போய் அவளுக்கும் தூணுக்கும் நடுவில் நின்றார். “யாருக்கும் தெரியாது. இங்க யாருக்கும் என் பொண்ணைத் தெரியாது. ஒரு வார்த்தை பேசாதம்மா, உன்னைக் கும்பிடுறேன்.”

ஜெனேபா அப்படியே உட்கார்ந்தாள். பகாரி வேறெங்கோ பார்த்தார். தூண் பதிவு செய்தது.

“மாதங்கி: சொந்த ஊர் அற்றவர். வேற்றுக்கோள் குடியேற்றத்துக்குத் தடையேதும் இல்லை.”

“அந்த அக்கா என்னப்பா சொல்ல வந்தாங்க?” என்று மாதங்கி கேட்டாள்.

“உன் மூக்கு நல்லா இருக்குன்னு சொல்ல வந்தாங்க.”

“அப்ப நீங்க வரலியா?”

“மார்ச்சுல வர்றேம்மா.”

மார்ச்சில் அவள் இருக்கமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் எழுந்து நின்று உடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். சாப்பாடு, உடம்பு, சட்டைப்பையில் வைக்க வேண்டிய மாத்திரை என்று இருவரும் பேசியது நாலு நிமிஷம் இருக்கும். இடைவேளை முடிய ஊதப்போகும் சங்குக்கு முன்னால் நாற்காலிகளைக் குழிக்குள் இறக்க வேண்டும். ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒளி சுருங்கித் தூணுக்குள் போன பிறகுதான் ஊரார் ஒவ்வொருவராக எழுந்து, சத்தமில்லாமல், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கிப் போனார்கள்.

தூண் கனைத்தது.

“ஒரு சிறு நடைமுறை, சேக்கு கூலிபாலி. மரகதச்சோலையில் உங்கள் சுற்றுலாத் தங்கல் இன்றோடு முடிவடைகிறது. ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்? நினைவில் நிற்கும் ஒரு சிறப்பையும் சொல்லுங்கள்.”

தணிகைநாதன் வெகுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பதினோரு வருஷத்தையும் ஒரு முறை மேலும் கீழுமாகப் போய்வந்தார்.

“நாலு” என்றார். “லிஃப்ட் நிக்காம ஓடும்.”

“நன்றி. உங்கள் கருத்து, அங்கே இப்போது தங்கியிருக்கும் மற்ற ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சுற்றுலாப் பயணிகளுக்கும் பயன்படும்” என்றது தூண்.